திங்கட்கிழமைப் பசி: மாரத்தான் பயிற்சியில் ஒரு நிகழ்வு ஆய்வு

நான் ஓட்டப் பயிற்சியாளர். முதல் மாரத்தானுக்குத் தயாராகும் பெரியவர்களுக்குத்தான் பெரும்பாலும் பயிற்சி கொடுக்கிறேன். இங்கே எழுதுவது அப்படி வந்த ஒருவரின் கதை. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். நான் செய்த தவறுகளை விடவில்லை, ஏனென்றால் மற்ற பயிற்சியாளர்களுக்கு உதவக்கூடியவை அவைதான்.

பின்னணி

பெண், வயது 34, உயரம் 162 செ.மீ., எடை 62.5 கிலோ. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் அலுவலக வேலை. அதற்கு முன் இரண்டு அரை மாரத்தான் ஓடியிருந்தார், இரண்டும் சிரமமில்லாமல் முடிந்தவை. வாரத்துக்கு 30 கி.மீ. அளவில் ஓடிக்கொண்டிருந்தவரை 18 வாரத் திட்டத்தில் சேர்த்தேன். இலக்கு 42.195 கி.மீ.

கூடவே இன்னொரு இலக்கையும் அவர் வைத்திருந்தார்: பந்தய நாளுக்குள் நான்கு கிலோ குறைப்பது. 'எப்படியும் இவ்வளவு ஓடப்போறேன், எடையும் அதோடவே இறங்கிடும்ல சார்' என்றார். நானும் தலையாட்டினேன். பயிற்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைச் சொல்வதால் எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

கலோரி கணக்கிடும் செயலி ஒன்றைப் போனில் வைத்திருந்தார். ஓடும் நாளில் 1600 கலோரி, ஓடாத நாளில் 1350. 'ஓடாத அன்னைக்குச் சாப்பிட என்ன நியாயம் இருக்கு' என்பது அவர் வாதம். காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றோடு ஓட்டம், திரும்பி வந்ததும் ஒரு காபி, பத்து மணி வாக்கில் ஒரு சின்னச் சிற்றுண்டி, மதியம் அளவாக, இரவு அதைவிட அளவாக. வாரத்தின் மிக நீண்ட ஓட்டமான லாங் ரன்னுக்கும் தண்ணீர் மட்டும்தான். வெறும் வயிற்றில் ஓடினால் கொழுப்பு கரையும் என்று எங்கோ படித்திருந்தார்.

முதல் ஆறு வாரங்கள்

நான்காவது வாரம் வரை எல்லாம் சொன்னபடி நடந்தது. எடை 61 கிலோவுக்கு வந்தது, வேகம் கொஞ்சம் கூடியது, அவரும் உற்சாகமாக இருந்தார்.

ஐந்தாவது வாரம் எடை அசையவில்லை. ஆறாவது வாரம் ஓட்டம் முடிந்து நின்றுகொண்டிருந்தபோது, மற்றவர்கள் கிளம்பும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: 'சார், ராத்திரி பதினோரு மணிக்குச் சமையலறையில நின்னுட்டே சாப்பிடறேன். ரொட்டி, ஜாம், பிஸ்கட், கையில எது கிடைச்சாலும். நிறுத்தவே முடியல. எனக்கு மனக்கட்டுப்பாடே இல்ல போல.'

அழவில்லை. ஆனால் அதைச் சொல்லி முடிக்க அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. அப்படிச் சாப்பிட்ட இரவுகளை அவர் செயலியில் பதியவே இல்லை. பதிந்தால் அந்த எண் சிவப்பாக மாறும், அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றார்.

அதே நாட்களில் நான் கவனித்து, ஆனால் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்காமல் விட்டவை இன்னும் சில உண்டு. கோடையிலும் குளிர்கிறது என்று மேல்சட்டையோடு வந்தார். எளிதான ஓட்டத்தில்கூட இதயத் துடிப்பு முன்பைவிட அதிகமாக இருந்தது. சின்ன விஷயங்களுக்கு எரிச்சல் வந்தது. வலது முன்காலில் 'லேசா ஒரு வலி' என்று இரண்டு தடவை சொன்னார். நான் ஐஸ் வைக்கச் சொன்னேன்.

என் முதல் முடிவும் அது தவறியதும்

பசியை அடக்குவதுதான் வேலை என்று எடுத்துக்கொண்டேன். வயிறு நிரம்பினால் பசி அடங்கும், வயிற்றை நிரப்பவும் வேண்டும், கலோரியும் ஏறக்கூடாது. சரி, காய்கறியை இரட்டிப்பாக்குங்கள், ஒவ்வொரு வேளையும் புரதம் சேருங்கள், சாப்பாட்டுக்கு முன் தண்ணீர் குடியுங்கள் என்றேன். அதோடு இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதி வரச் சொன்னேன்: சாப்பிட்டது, நேரம், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பசியின் அளவு ஒன்றிலிருந்து பத்துக்குள். இரவில் சாப்பிடுவதையும் எழுத வேண்டும், நான் எதையும் கேட்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். முழு நிகழ்விலும் ஆரம்பத்திலேயே நான் சரியாகச் செய்தது அந்த நோட்டு ஒன்றுதான்.

எடை குறைக்க மட்டும் முயலும் ஒருவருக்கு அந்த ஆலோசனை பொருந்தியிருக்கலாம். வாரத்துக்கு 52 கி.மீ. ஓடுகிறவருக்குப் பொருந்தவில்லை. வயிறு கனமாக இருந்தது, பசி போகவில்லை. அவர் சொன்னபடியே எழுதினால், 'வயிறு நிறைஞ்சிருக்கு சார், ஆனா பசிக்குது.' அத்தனை நார்ச்சத்து சேர்ந்ததில் ஓட்டத்தின் நடுவே வயிறு பிசைந்து இரண்டு முறை நிற்க வேண்டி வந்தது. இரவுச் சாப்பாடு நிற்கவில்லை.

நோட்டும் அட்டவணையும் பக்கம் பக்கமாக

எட்டாவது வாரக் கடைசியில் அந்த நோட்டையும் என் பயிற்சி அட்டவணையையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். ஓட்டம் செவ்வாய் 8 கி.மீ., வியாழன் 12, வெள்ளி 8, ஞாயிறு 24. மற்ற மூன்று நாட்களும் ஓட்டம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் பசி எண்கள் குறைவு. ஓடி முடித்து மதியம் வரை 2, 3 என்றுதான் எழுதியிருந்தார். இது பலருக்கும் நடப்பது. கடினமாக ஓடி முடித்ததும் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் சற்று நேரத்துக்கு இறங்குகிறது, நிறைவைத் தரும் ஹார்மோன்கள் ஏறுகின்றன. உடம்புக்குச் சாப்பாடு அதிகம் தேவைப்படும் நேரத்தில் பசி வாயைத் திறப்பதில்லை. அவரும் பசிக்கவில்லை என்று சந்தோஷமாகக் கொஞ்சமாகச் சாப்பிட்டிருந்தார்.

திங்கட்கிழமைப் பக்கம் வேறு மாதிரி இருந்தது. காலை 6, மதியம் 7. மாலை நான்கு மணிக்கு 9 என்று எழுதி அதன் கீழே இரண்டு கோடு. பேனா அழுத்தித் தாள் லேசாகக் கிழிந்திருந்தது. பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 'ஓடவே இல்லையே, ஏன்?' என்று எழுதியிருந்தார்.

திங்கள் ஓட்டமில்லாத நாள். அதனால் அன்றைக்கு அவருக்கு அவரே வைத்த அளவு 1350. பசி உச்சத்துக்குப் போகும் நாளில் சாப்பாடு அடிமட்டத்தில் இருந்தது. அந்த 14 நாட்களில் இரவுச் சாப்பாடு நான்கு முறை நடந்திருந்தது. இரண்டு திங்கட்கிழமையும் அதில் இருந்தன.

கணக்கு

சமதளத்தில் ஓடும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். வேகம் இதைப் பெரிதாக மாற்றாது. அவர் 61 கிலோ, ஆகவே 24 கி.மீ. ஓட்டத்துக்குச் சுமார் 1460 கலோரி. ஞாயிறு அவர் சாப்பிட்டது 1600. இதயம், மூளை, நுரையீரல், எலும்பு, தூக்கம் என்று மற்ற அத்தனைக்கும் மிஞ்சியது 140 கலோரி. ஒரு பெரிய வாழைப்பழத்தில் இருக்கும் அளவு. இந்த எண்ணைத் தாளில் எழுதிவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

வாரக் கணக்கையும் போட்டேன். செயலியின்படி சராசரி ஒரு நாளைக்கு 1500. நான்கு இரவுகளில் ஒவ்வொன்றுக்கும் சுமார் 950 கலோரியைச் சேர்த்தால் உண்மையான சராசரி 1770 அளவில் வந்தது. அதில் ஓட்டத்துக்கு நாளொன்றுக்கு 450 போனால் மிச்சம் 1320.

விளையாட்டு ஊட்டச்சத்தில் 'ஆற்றல் இருப்பு' என்று ஒரு கணக்கு உண்டு. உண்ட கலோரியிலிருந்து பயிற்சிக்குச் செலவானதைக் கழித்து, மிச்சத்தைக் கொழுப்பு நீக்கிய உடல் எடையால் வகுக்க வேண்டும். அவருக்குக் கொழுப்பு நீக்கிய எடை சுமார் 45 கிலோ. 1320ஐ 45ஆல் வகுத்தால் 29. பெண்களுக்கு 45 அளவில் இருந்தால் உடம்பு எல்லா வேலைகளையும் செய்துகொள்ளும் என்றும், 30க்குக் கீழே போனால் ஆபத்து கூடும் என்றும் சொல்வார்கள். ஆராய்ச்சியாளர் ஆன் லவுக்ஸ் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 30க்குக் கீழே இறக்கியதும் ஐந்தே நாளில் பெண்களின் இனப்பெருக்க ஹார்மோன் சுரக்கும் தாளம் குலைந்தது. 30 என்பது எல்லோருக்கும் பொதுவான கோடு கிடையாது, ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் 29 என்பது எச்சரிக்கைதான். அதிலும் அந்த 29 கூட அவர் 'மனக்கட்டுப்பாடு இல்லாமல்' சாப்பிட்ட நான்கு இரவுகளால் வந்தது. அந்த இரவுகள் இல்லாவிட்டால் எண் 23.

அவர் குற்றவுணர்வோடு மறைத்த இரவுச் சாப்பாடுதான் அவரை இன்னும் மோசமான நிலைக்குப் போகாமல் பிடித்து நிறுத்தியிருந்தது. இதை அவரிடம் தாளில் எழுதிக் காட்டினேன். நீண்ட நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 ஆண்களை வைத்து நடத்திய அரைப்பட்டினிச் சோதனையைப் பற்றியும் சொன்னேன். ஆறு மாதம் உணவைப் பாதியாக்கியதும் திடகாத்திரமான அந்த ஆண்கள் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள், எப்போதும் குளிர்கிறது என்றார்கள், எரிந்து விழுந்தார்கள். உணவு திரும்பக் கிடைத்தபோது வயிறு முட்டச் சாப்பிட்டும் பசி தீரவில்லை என்றார்கள். 'குளிர்' என்ற இடத்தில் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

கேட்காமல் விட்ட கேள்வி

அன்றைக்குத்தான் மாதவிடாயைப் பற்றிக் கேட்டேன். எட்டு வாரம் பயிற்சி கொடுத்தும் அதுவரை கேட்டதில்லை. ஓர் ஆண் பயிற்சியாளராக அதைக் கேட்க எனக்குக் கூச்சம், சொல்ல அவருக்குக் கூச்சம். இரண்டு சுழற்சி தவறியிருந்தது. கடினப் பயிற்சியில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஓட்டக்காரர்கள் மத்தியில் இந்த நம்பிக்கை இன்னமும் பரவலாக இருக்கிறது. அது தவறு. ஆற்றல் பற்றாக்குறையில் உடம்பு முதலில் கைவிடும் வேலைகளில் ஒன்று அது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பும் பலவீனமாகும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர் குழு இந்த நிலைக்கு 2014இல் ரெட்-எஸ் (RED-S, விளையாட்டில் ஏற்படும் சார்பு ஆற்றல் பற்றாக்குறை) என்று பெயர் வைத்தது, 2018, 2023 ஆண்டுகளில் அதை விரிவாக்கியது. ஆண்களுக்கும் வரும். ஆனால் அவர்களிடம் இவ்வளவு வெளிப்படையான அறிகுறி இருக்காது.

முன்காலில் வலிக்கும் இடத்தைக் காட்டச் சொன்னேன். உள்ளங்கையால் தடவிக் காட்டியிருந்தால் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டேன். ஒற்றை விரலை ஓரிடத்தில் வைத்து அழுத்தி 'இங்க' என்றார். எலும்பு வலி பெரும்பாலும் அப்படித்தான் ஒரே புள்ளியில் இருக்கும்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, அன்றே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புவது. கர்ப்பம் இல்லை, தைராய்டு கோளாறு இல்லை என்று உறுதியானது. ஃபெர்ரிட்டின் 14, அதாவது இரும்புச் சேமிப்பு குறைவு. ஸ்கேனில் எலும்பு முறிவுக் கோடு தெரியவில்லை, ஆனால் எலும்புக்குள் வீக்கம் இருந்தது. ஐந்து வாரம் ஓடக்கூடாது என்றார் மருத்துவர், இரும்பு மாத்திரையும் கொடுத்தார். அந்தப் பந்தயம் போய்விட்டது.

எலும்புக்கு வந்தது முழுக்க சாப்பாட்டால்தான் என்று சொல்ல மாட்டேன். எட்டு வாரத்தில் 30 கி.மீ.யிலிருந்து 52க்கு ஏற்றியது என் அட்டவணை. இரண்டும் சேர்ந்தே இதைச் செய்திருக்கும்.

இரண்டாவது, எடை இலக்கைக் கைவிடுவது. இதற்குத்தான் அதிக நேரம் பேச வேண்டியிருந்தது. எடை குறைக்க விரும்புவது தப்பில்லை, பந்தயத்துக்கான கடினமான வாரங்கள் அதற்கான நேரம் இல்லை என்பதே என் நிலைப்பாடு. இப்போதும் அதே.

மூன்றாவது, சாப்பாட்டுத் திட்டத்தை நான் போடாமல் விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர் ஒருவரிடம் விடுவது. செயலியை நீக்கச் சொன்னது அவர்தான். அதற்குப் பதிலாக நேரத்தை வைத்து ஒரு திட்டம் கொடுத்தார்: எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் சாப்பாடு, அப்புறம் விழித்திருக்கும் நேரத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது, மதியத் தட்டில் கால் பங்காக இருந்த மாவுச்சத்து பாதித் தட்டாக உயர வேண்டும். காய்கறி பழைய அளவுக்குத் திரும்பியது. புரதத்தைக் குறைக்கவில்லை, ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம் என்று வைத்தார். இரவு பத்து மணிக்குப் பாலும் ரொட்டியும் திட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தன. மறைந்து நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்ததை உட்கார்ந்து தட்டில் வைத்துச் சாப்பிட வேண்டும் என்றார். இவ்வளவு சின்ன மாற்றத்தை நான் யோசித்திருக்கவே மாட்டேன்.

ஓடாத ஐந்து வாரங்கள்

'ஓடாதப்பவும் இவ்வளவு சாப்பிடணுமா சார்?' என்று முதல் வாரம் தினமும் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். கணக்கையே காட்டினேன். கொழுப்பு நீக்கிய எடை 45 கிலோ, கிலோவுக்கு 45 கலோரி என்றால் 2025. ஓட்டமே இல்லாத நாளுக்கு உடம்பு கேட்பது அது. ஓடிய நாட்களுக்குக்கூட அவர் வைத்திருந்த அளவு 1600தான். ஆறுவதற்கு எலும்புக்கும் தீனி வேண்டும். ஒரேயடியாக ஏற்றாமல் 1800இல் தொடங்கி மூன்றாவது வாரம் 2000ஐத் தொட்டோம்.

முதல் பத்து நாள் பசி கூடியது. நாங்கள் இருவருமே பயந்தோம். நிபுணர் மட்டும் பொறுங்கள் என்றார். பதினெட்டாம் நாள் நோட்டில் மாலை நான்கு மணிக்கு 5 என்று எழுதியிருந்தார். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் இரவில் கட்டுப்பாடில்லாமல் சாப்பிட்டார், அதுவும் வேலையில் மதிய உணவைத் தவறவிட்ட நாளில்.

எடை 63க்கு ஏறியது. அது அவருக்கு வலித்தது. ஒரு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. எடை மெஷினை அலமாரிக்கு மேலே தூக்கி வைத்தார், சில மாதங்கள் அங்கேயே இருந்தது.

திரும்ப ஓடத் தொடங்கியபோது

நடையும் ஓட்டமும் கலந்து தொடங்கினோம். இந்த முறை வெறும் வயிற்றில் ஓட்டம் இல்லை, புறப்படும் முன் ஒரு வாழைப்பழமோ ஒரு துண்டு ரொட்டியோ கட்டாயம். முடித்து அரை மணி நேரத்துக்குள் மாவுச்சத்தும் புரதமும். பசிக்கிறதா என்று பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் பசியை நம்பிப் பயனில்லை.

லாங் ரன்னில் மணிக்கு 30 கிராம் மாவுச்சத்து என்று தொடங்கி, சில வாரங்களில் 50 கிராமுக்கு வந்தோம். தசையிலும் ஈரலிலும் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்த மாவுச்சத்து நல்ல வேகத்தில் ஓடினால் ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்குத்தான் வரும். அதற்கு மேல் ஓடுகிறவர் வழியில் சாப்பிட்டே ஆக வேண்டும். ஆனால் குடலையும் பழக்க வேண்டும். முதல் இரண்டு முறை அவருக்குக் குமட்டியது. ஒரேயடியாக விழுங்காமல் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கொஞ்சமாகத் தண்ணீரோடு எடுத்ததும் சரியானது.

பெரிய மாற்றம் திங்கட்கிழமையில். 24 கி.மீ. ஓடிய ஞாயிறு முழு ஈடு செய்ய 3500 கலோரிக்கு அருகில் வேண்டும். அதை ஒரே நாளில் சாப்பிடுவது அவரால் ஆகவில்லை. அதனால் ஞாயிறையும் திங்களையும் சேர்த்து ஒரே கணக்காக வைத்தோம். திங்கட்கிழமை ஓட்டமில்லை, ஆனால் சாப்பாடு வாரத்திலேயே அதிகமான நாட்களில் ஒன்று. மாலை நாலரைக்குப் பதிலாக மூன்றரைக்கே ஒரு சிற்றுண்டி, பசி 9க்குப் போவதற்கு முன்பே.

விளைவு

மாதவிடாய் திரும்ப மூன்றரை மாதம் ஆனது. ஃபெர்ரிட்டின் மூன்று மாதத்தில் 38. முன்கால் வலி திரும்பவில்லை. ஏழு மாதம் கழித்து வேறொரு மாரத்தானில் 63 கிலோ எடையோடு ஓடினார், 4 மணி 38 நிமிடம். 35ஆவது கி.மீ.யில் நான் நின்றிருந்தேன். என்னைக் கடக்கும்போது கையிலிருந்த மாவுச்சத்து ஜெல் உறையைக் காட்டிவிட்டுப் போனார்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வேலைப்பளு கூடினால் இப்போதும் காலைச் சாப்பாட்டைத்தான் முதலில் விடுகிறார். எடையைப் பற்றிய கவலை முழுதாகப் போகவில்லை. அதற்காக மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்க்கிறார்.

இப்போது மாற்றிச் செய்பவை

புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் முதல் நாளே எழுத்தில் கேட்கிறேன்: எடை குறைக்கும் எண்ணம் உண்டா, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, முன்பு எலும்பு காயம் உண்டா. வாயால் கேட்கக் கூச்சமாக இருப்பது தாளில் எளிதாகிறது. மாதவிடாய்க் கேள்வியை நான்கு வாரத்துக்கு ஒருமுறை திரும்பவும் அனுப்புகிறேன். எடையும் குறைக்க வேண்டும் என்பவர்களிடம் பந்தயத்துக்கு முன்னாலோ பின்னாலோ தனியாக நேரம் ஒதுக்கச் சொல்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு பயிற்சியாளரிடம் போயிருக்கிறார்கள். போகட்டும்.

இரவில் அடக்க முடியாமல் சாப்பிடுகிறேன் என்று யாராவது சொன்னால், இரவைப் பற்றி நான் எதுவும் கேட்பதில்லை. அன்று காலை என்ன சாப்பிட்டார், முந்தின நாள் எவ்வளவு ஓடினார் என்று கேட்கிறேன்.

முன்காலில் வலி என்றால் ஐஸ் பற்றிப் பேசும் முன் விரலை வைத்துக் காட்டச் சொல்கிறேன்.

என் அட்டவணைத் தாளில் ஓட்டமில்லாத நாட்களுக்கு முன்பு வெறும் கோடு போட்டு விட்டிருப்பேன். இப்போது அந்தக் கட்டத்தில் சாப்பாட்டு நேரங்களை எழுதிக் கொடுக்கிறேன்.